பேணியும் சிரட்டையும்

தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிய பால்தேநீரைக் காகிதக் கைதுடைப்பான் ஒன்றின் மேல் வைத்து சிவனேஸ்வரியிடம் நீட்டினார் கமலாம்பிகை.

கையில் வாங்கியதும் சிவனேஸ்வரியின் பெருவிரல் தானாகப் போய்ச் சிரட்டையின் அடியைத் தடவிப் பார்த்தது. கண் இல்லாத பாதி. ஒழுகாது.

அதற்குப் பிறகுதான் கையில் இருப்பது என்ன என்று உறைத்தது.

தேநீரில் ஆடை படிந்திருந்தது. சிரட்டைக்கு வார்னிஷ் பூசி மினுக்கியிருந்தார்கள். சூடு பட்டதும் அது மணக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் அவள் அதை வாயருகே கொண்டுபோகாதது வார்னிஷ் மணத்தால் மட்டும் அல்ல.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு மாசி மாதம், லண்டன் கிங்ஸ்பரியில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். வெளியே பனி. உள்ளே ‘யாழ்ப்பாணத்து அரசர் காலம் முதல் எங்கள் பண்பாடு’ என்று கண்காட்சி. நடத்துகிற மாதர் குழுவுக்குக் கமலாம்பிகைதான் தலைவி. ஏடு, எழுத்தாணி, செப்புக்குடம் எல்லாம் கடந்து வந்தால் கடைசி மேசையில் பித்தளை மூக்குப்பேணி ஒன்று. மூக்கு வழியாக அண்ணாந்து ஊற்றிக்கொள்ளலாம். உதடு படாது, எச்சிலாகாது. அதன் பக்கத்தில் ஒரு சிரட்டை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே அட்டை: ‘எங்கள் முன்னோர் நீர் அருந்திய பாத்திரங்கள்.’

சிரட்டையில் ஒரு தடவை குடித்துவிட்டு எறிந்துவிடுவார்களாம். அந்தக் காலத்திலேயே அப்படி ஒரு சுத்தமாம், அப்படி ஒரு இயற்கை நேசமாம். கமலாம்பிகை ஆங்கிலத்தில் எடுத்துவிட, தலைமையாசிரியை நெஞ்சில் கை வைத்து வியந்துபோனார். வந்தவர்கள் எல்லோருக்கும் சிரட்டையில் தேநீர் கிடைத்தது. ஊதி ஊதிக் குடித்தார்கள். ஒருவர் தன் சிரட்டையை உயர்த்திப் பிடித்துப் படம் எடுப்பித்தார்.

சிவனேஸ்வரி கண்காட்சி பார்க்க வந்தவளல்ல. கமலாம்பிகையின் மகன் பாலேந்திரா பல் வைத்தியன். அவனும் இவள் மகள் மைதிலியும் படிக்கும் காலத்திலேயே மனம் ஒத்துப்போனவர்கள். அவன் தாய்க்காரி ஓம் என்றால் வைகாசியில் கலியாணம். இரண்டு தாய்மாரும் முகத்துக்கு முகம் பார்ப்பது இன்றைக்குத்தான் முதல் தடவை.

“அம்மா, பிளீஸ், அங்கை போய் ஊர்க்கதை கதையாதேங்கோ,” என்று காலையில் கோட்டுப் பொத்தானைப் பூட்டிவிட்டபடி மைதிலி கெஞ்சியிருந்தாள்.

சிவனேஸ்வரியும் கதைக்கவில்லை. வந்த நேரத்திலிருந்து கன்னம் நோகச் சிரித்துக்கொண்டுதான் நின்றாள், இந்தச் சிரட்டை கைக்கு வரும்வரை.

வேண்டாம் என்று மேசையில் வைத்தாள். சிரிக்கத்தான் பார்த்தாள், முகம் கோணிவிட்டது. போச்சு, எல்லாம் கெட்டது என்று நினைத்தாள்.

கமலாம்பிகைக்கோ முகம் மலர்ந்துவிட்டது. கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

“எனக்குத் தெரியும். நல்ல குடும்பத்து ஆக்களுக்குச் சிரட்டை தொண்டைக்குள்ளாலை இறங்காது. இது சும்மா, வெள்ளைக்காரருக்குக் காட்ட.”

படிக்கிறது இராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில். அட்டையில் எங்கள் முன்னோராம், காதுக்குள் நல்ல குடும்பமாம். சிரட்டையில் குடித்தது யார், ஊற்றியது யார் என்று இந்த மனுசிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வார்னிஷ் பூசியிருக்கிறார்.

சீ என்று வந்தது சிவனேஸ்வரிக்கு. சிரட்டையைத் தொட்ட விரலைச் சேலையில் துடைத்தாள். துடைத்தும் பிசுபிசுப்புப் போகவில்லை.

இனி வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். முகம் கோணியதற்கே நல்ல குடும்பம் என்று பெயர் கிடைத்தாயிற்று. வெற்றிலைத்தட்டு வராததுதான் குறை.

கமலாம்பிகை மேசையில் இருந்த மூக்குப்பேணியை எடுத்தார். தன் கையால் தேநீர் ஊற்றினார்.

“இந்தாங்கோ சம்பந்தி, எங்கட அப்பம்மான்ரை பேணி. கண்டவைக்கும் குடுக்கிறேல்லை.”

சம்பந்தி. அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் ஹவுன்ஸ்லோவிலிருந்து ஷிப்டையும் மாற்றிக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தாள். மண்டபத்தின் அந்தப் பக்கத்தில் பாலேந்திராவோடு நின்ற மைதிலி, பேணி கை மாறுவதைக் கண்டு சிரித்தாள். பிள்ளையின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

இந்தப் பேணிக்குப் பயந்து பயந்தா என் பிள்ளை ஆயுள் முழுக்க அந்த வீட்டில் சீவிக்கப் போகிறாள்?

பேணி நல்ல கனம். தூரத்தில் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அண்ணாந்து ஊற்றுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை.

பேணியின் மூக்கை உதடுகளுக்கிடையில் வைத்து உறிஞ்சினாள். சத்தம் கேட்கக் கேட்க, அடி மண்டி வரை உறிஞ்சினாள்.

கமலாம்பிகையின் முகம் சுளித்தது. “ஐயோ, வாய் வைக்கிறேல்லை...”

“பேணி எனக்குப் பழக்கமில்லை, அக்கா. உங்கட ஆக்கள் எங்களுக்குச் சிரட்டையிலைதான் ஊத்தினவை.”

மைதிலி கதைக்க வேண்டாம் என்ற ஊர்க்கதை அவ்வளவுதான்.

ஈரம் காயாத மூக்கோடு பேணியைத் திருப்பி நீட்டினாள். வாங்க வந்த கமலாம்பிகையின் கை பாதி வழியில் நின்றது. பிறகு மெல்லச் சேலைத் தலைப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது.

சிவனேஸ்வரி நீட்டிய கையை மடக்கவில்லை.