வேல்விழியின் வாக்கியம்

திருத்தங்கல் அச்சகத்து மாடியில் ஞாயிற்றுக்கிழமை ஆங்கில வகுப்பு நடக்கிறது. கீழே காலண்டர் அடிக்கும் இயந்திரத்தின் சத்தத்தில் பெஞ்சுகள் லேசாக அதிர்கின்றன. கரும்பலகையில் ‘டர்ன் டவுன்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய சீனிவாசகம் சார், “தேடி வந்த வாய்ப்பை வேண்டாம்னு சொல்றது. வேல்விழி, உன் வாழ்க்கையில இருந்து ஒரு வாக்கியம் சொல்லும்மா” என்கிறார். அவள் எழுந்து நிற்கிறாள். ஜன்னல் வெயில் பட்டு, நகக்கண்களில் பட்டாசு ஆலை வேலையில் ஒட்டிய மருந்தின் வெள்ளித்தூள் மினுங்குகிறது. போன வருஷம் மதுரையில் கிடைத்த நர்சிங் சீட்டு நினைவுக்கு வர, அவள் தமிழிலேயே சொல்கிறாள். “வேண்டாம்னு என்னப் பெத்த அய்யாதான் சொன்னாக, சார். நான் பக்கத்துல நின்னு தலைய மட்டும் ஆட்டுனேன்.” சார் சாக்பீஸை மேசையில் வைக்கிறார். “சரி, உக்காரும்மா” என்கிறார். அன்றைக்குப் போலவே தலையை ஆட்டிவிட்டு, அவள் உட்காருகிறாள்.