நோவா பேழைக்குக் கதவு வைக்கும் முன்பே

நோவா இன்னும் பேழைக்குக் கதவுகூட வைக்கவில்லை. அதற்குள் ஏலிக்குட்டி ஸ்துதிப்பாட்டை எடுத்துவிட்டாள்.

பிரசங்கம் செய்துகொண்டிருந்த ஸ்கறியா அச்சன் அப்படியே நின்றுபோனார். பாடகர் குழுவில் மலை போல் உட்கார்ந்திருந்த பைலி, கொசு கடித்த காலைச் சொறியக் குனிந்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் அவள் குரல் கிளம்பியது.

வழிபாடு முடியும்போது பாடுகிற நாலே வரிப் பாட்டு அது. ஏலிக்குட்டி எடுத்தால் போதும், மற்ற குரல்கள் தானாகச் சேர்ந்துகொள்ளும், சபை எழுந்து நின்றுவிடும். ஆமென் வரைக்கும் அதை நிறுத்த பிஷப்பாலும் முடியாது. அச்சனும் வேறு வழியில்லாமல் கையை உயர்த்தி ஆசீர்வதித்தார். ஜனங்கள் செருப்பைத் தேடிக் கிளம்பினார்கள்.

பின்னறையில் கமிட்டி கூடியது. செயலாளர் இட்டிச்செறியா மேஜையைத் தட்டினார்.

"கர்த்தரோட ஊழியக்காரர் வாயை கர்த்தரோட பாட்டாலேயே அடைச்சிருக்கா! அச்சன் எப்படி உருகிப் பேசிட்டிருந்தார்! மூணு தடவ கண்ணாடியக் கழட்டித் தொடச்சார், நான் பாத்தேன். மனுஷனுக்குக் கண்ணே கலங்கிடுச்சு!"

"எல்லாம் வாத்துக்கறி பண்ற வேலை" என்றார் பக்கத்திலிருந்த உம்மச்சன். "இவ மகளை இன்னைக்குப் பொண்ணு பாக்க வர்றாங்க. அடுப்புல கறி கருகிடும்னு அச்சனையே இறக்கி விட்டுட்டா."

"அப்படியா ஏலிக்குட்டி?"

"வாய் தவறிப் போச்சு" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"வாய் தவறினா தும்மல் வரும், நாலு வரிப் பாட்டா வரும்? இனிமே நீ கொயர்ல வேண்டாம்!"

ஏலிக்குட்டிக்கு அழுகை முட்டியது. பாவாடை சட்டை போட்ட வயதிலிருந்து பாடுகிறவள். அடுத்த ஞாயிறு பிஷப் வருகிறார் என்று புதுச்சேலைகூட எடுத்து வைத்திருந்தாள். ஆனாலும் அந்த ஒரு வார்த்தைக்கு மேல் அவள் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

அப்போது அச்சன் உள்ளே வந்தார். எல்லோரும் எழுந்தார்கள்.

"என்ன முடிவு பண்ணினீங்க?"

"கொயரை விட்டு நீக்கறோம். அச்சனுக்கு நடந்த அவமானத்துக்கு இதுவே கம்மி."

"நீக்கிட்டா பிஷப் முன்னாடி பாட்டை யார் எடுக்கறது? உங்க வீட்டுக்காரியா?"

இட்டிச்செறியா மனைவியின் குரலை அறிந்தவர்கள் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அதிகம் அறிந்தவர் அவர்தான் என்பதால் அவரும் சும்மா இருந்தார்.

"அதுக்காகத் தண்டனை இல்லாம விட முடியாது" என்றார் அச்சன் கடுமையாக. "இனிமே ஏலிக்குட்டி பைலி முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சு உக்காரக் கூடாது. முன்வரிசையில, என் முகத்துக்கு நேரா உக்காரணும். பிரசங்கம் முடியற வரைக்கும் என்னையே பாத்துக்கிட்டு இருக்கணும்."

அச்சனின் பிரசங்கத்தை அசையாமல் உட்கார்ந்து கேட்பதைவிடப் பெரிய தண்டனை கமிட்டியில் யாருக்கும் தோன்றவில்லை. 'ஐயோ பாவம்' என்று உம்மச்சனே முணுமுணுத்தார்.

ஏலிக்குட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து குடையை விரித்தாள்.

"நில்லு!"

அச்சன் மழையில் நனைந்தபடி பின்னாலேயே வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவள் குடைக்குள் தலையை நீட்டினார்.

"ஆரம்பிச்சா எனக்கு நிறுத்தத் தெரியாதுன்னுதானே மோளே உன்கிட்ட சொல்லி வச்சேன்? முதல் தடவ கண்ணாடியக் கழட்டினதுமே பாட்டை எடுத்திருக்க வேண்டாமா?"