குத்துக்கல்லாய் நிற்கும் சக்கரம்
மாலை வெயில் வாசல் வழியே நீண்டு, ஸ்டாண்டில் நிற்கும் பழைய எலெக்ட்ரிக் சைக்கிளின் பின்சக்கரக் கம்பிகளில் மினுங்குகிறது. நாளை தங்கை இதில்தான் புது வேலைக்குப் போக வேண்டும். ஓடாவிட்டால் இருட்டுவதற்குள் விற்றவரிடமே திருப்பிவிட வேண்டும். இன்று வாங்கி வீட்டுக்கு வரும் வழியிலேயே நின்றுபோன மோட்டார் அது. தளர்ந்திருந்த ஒயரை அக்கா கண்டுபிடித்து இறுக்கிவிட்டாள். அப்படியும் ஆக்சிலரேட்டரைத் திருகத் திருக, சக்கரம் குத்துக்கல்லாட்டம் நிற்கிறது. “பிரேக்கைப் பிடிச்சிருந்தா மோட்டார் ஓடாதுன்னு வித்தவர் சொன்னாருக்கா.” “இங்க யாருடி பிடிச்சிருக்கா?” “இதோ, உன் பைதான்.” அக்கா மாட்டிவைத்த ஸ்பானர் பை, பிரேக் பிடியைத் தன் கனத்தால் இழுத்தபடி சாவகாசமாகத் தொங்குகிறது. அக்கா அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆக்சிலரேட்டரை மெல்லத் திருகுகிறாள். மோட்டார் தேனீபோல முரல, சக்கரம் சுழல்கிறது. இருவர் முகத்திலும் சுவரிலும் கம்பிகளின் நிழல்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன.