சிவப்பு வயல்

"எத்தனை தடவை எச்சரிக்கை அனுப்பியாச்சு? உங்க நிலம் இன்னும் சிவப்பாவேதான் இருக்கு. என்ன சொல்றீங்க?"

வரைபட அதிகாரி கணினித் திரையை எதிரே உட்கார்ந்திருந்த விவசாயி பக்கம் திருப்பினாள். அவர் அதைப் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மண் காப்புத் திட்டத்தின் விதி ரொம்ப எளிமையானது. உழக்கூடாது, எரிக்கக்கூடாது, அறுவடை முடிந்தாலும் மண்ணை மொட்டையாக விடக்கூடாது. பயறோ புல்லோ, ஏதாவது ஒன்று மூடியிருக்க வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் மூடிய நிலம் பச்சையாகத் தெரியும், மொட்டை நிலம் சிவப்பாக. பச்சைக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு. சிவப்புக்கு எச்சரிக்கை. அப்புறமும் அசையாவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். விதையும் கிடையாது, உழாமல் விதைக்கும் இயந்திரமும் கிடையாது.

இவரிடம் பேசிப் பேசி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அலுவலகத்தில் இவருக்கு ஊமைக்கோட்டான் என்றே பெயர்.

ஆத்திரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பக்கத்து வயல் இவருடைய தம்பியுடையது. தம்பி படுத்த படுக்கையாகி வருடக்கணக்கில் ஆகிறது. அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை. ஒருநாள்கூட இவர் எட்டிப் பார்த்ததில்லை என்று ஊரே சொல்கிறது. அந்த வயல் வரைபடத்தில் பச்சைப் பசேலென்று இருந்தது.

"நோயாளியையும் வச்சுக்கிட்டு உங்க தம்பி சம்சாரம் நிலத்தை எப்படிப் பாத்துக்கறாங்க பாருங்க. உங்களுக்குக் கை கால் நல்லாத்தானே இருக்கு?"

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. பதில் சொல்வார் என்று நினைத்தாள்.

"நீக்கிடுங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். திமிரைப் பார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெயரை நீக்க அப்போதே குறித்து வைத்தாள்.

மத்தியானம் தம்பி மனைவியே வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"போன வாரம் எங்க வீட்டுக்காரர் போய்ட்டாருங்க."

அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் தான் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது. உதவித்தொகையைத் தன் பெயருக்கு மாற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, உட்காரச் சொன்னாள். அவள் உட்காரவில்லை.

"இனிமே அந்தப் பணம் வேண்டாங்க. அது எங்களுது இல்ல. பச்சையா இருக்கறது எங்க வீட்டுக்காரரோட அண்ணன் வயல். மொட்டையாக் கெடக்கறதுதான் எங்களுது. வரைபடத்துல மாறிப்போச்சு."

முதல் தொகை வந்த அன்றே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் மருந்துக்கு வேறு போக்கிடம் இல்லை, வாயை மூடிக்கொண்டுவிட்டாள். இப்போது மூத்தவர் பெயரையே நீக்கப் போகிறார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டதைக் கேட்டதும் மனசு கேட்கவில்லையாம். சொல்லி முடித்துவிட்டு விசும்பினாள்.

அந்த நிலத்தை அளந்தது அதிகாரியேதான். நிலத்துக்காரர் வரப்பில் முன்னால் நடப்பார், கருவியோடு இவள் பின்னால் நடப்பாள், நடந்த தடம் வரைபடத்தில் கோடாக விழும். அன்றைக்கு நோயாளியை விட்டுத் தம்பி மனைவியால் வர முடியவில்லை. அண்ணனே இரண்டு வயலையும் சுற்றிக் காட்டினார். அதற்கப்புறம் இவள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. எல்லாம் திரையிலேயே தெரிகிறதே என்ற நினைப்பு. ஒரு மனுஷனுக்குச் சேர வேண்டியதையும் கெடுத்து, அவரையே குற்றவாளியாக உட்கார வைத்தும் பேசியாயிற்று.

உடனே வயலுக்குக் கிளம்பிப் போனாள். அவர் முழங்கால் உயரப் பயறுக்கு நடுவே குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். வரப்புக்கு அந்தப் பக்கம் தம்பியின் நிலம் வெடித்துக் கிடந்தது. தன் கவனக்குறைவால் வந்த வினை என்று மன்னிப்புக் கேட்டாள். வரைபடத்தை இன்றைக்கே திருத்திவிடுவதாகச் சொன்னாள்.

அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"தப்பு உங்களுது இல்ல மேடம். எடத்த மாத்திக் காட்டினது நான்தான்."

தம்பி சம்சாரத்துக்கு மட்டும் இது தெரிய வேண்டாம், உங்கள் தவறாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவர் கெஞ்சாத குறையாகக் கேட்டார். அவள் தலையாட்டினாள். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"இவ்வளவு பாசத்த வச்சுக்கிட்டு, ஒரு தடவையாவது நேராப் போய்க் குடுத்திருக்கலாமே?"

அவர் மொட்டை வயலைப் பார்த்தபடி சொன்னார்:

"நான் குடுத்தா அவன் வாங்கியிருக்க மாட்டாம்மா."