குளிர் ஊர்ல ஒரு லேப்டாப்

மொபைல் ஆப் செய்யுற சாஃப்ட்வேர மூணு நாளா லேப்டாப்ல ஏத்துறேன். ஓடவிட்டு டீ குடிச்சிட்டு வந்து பாத்தா, பாதியிலயே அணைஞ்சு கெடக்கு. சாயங்காலத்துக்குள்ள ஏறலைன்னா, கெடைச்ச வேலை போயிரும்.

லேப்டாப் வித்த கடைக்காரருக்குப் போன் போட்டுக் கத்துனேன்.

"சூடாகித்தான் அணையும் சார். காத்துப் போற வழி அடைச்சிருக்கா பாருங்க."

"யோவ், கொடைக்கானல்ல நானே வெறைச்சுக் கெடக்கேன். இது சூடாகுமா?"

கடுப்புல மறுபடி ஓடவிட்டுக் கெளம்புனேன். மழை புடிச்சதால வெரசா திரும்பிட்டேன்.

ரூமுக்குள்ள வீட்டு ஓனர் விஜயராணி அக்கா, என் லேப்டாப்புக்குக் கம்பளி போர்த்திக்கிட்டிருந்தாங்க.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"நீங்க போனதும் பாவம், உர்ருன்னு மொனகிக்கிட்டு நடுங்குது தம்பி. தெனமும் நாந்தான் போர்த்திவிடுறேன். நடுக்கம் நின்னதும் எடுத்துருவேன்."