தாவீதுக்கு ஒரு நுழைவு இசை

திருமானூர் சபையின் தகரக் கூரைக்குக் கீழே விடுமுறை வேதாகமப் பள்ளியின் நிறைவு விழா நடக்கிறது. மேடையில் ஜெயசுதாவின் மகள் பியூலா தாவீதாக நிற்கிறாள். ஜன்னல் கம்பிகளுக்கு இடையே நுழையும் மாலை வெயில், அவள் கையிலுள்ள அட்டை வாளின் ஜிகினாத் தாளில் பட்டு மின்னுகிறது. ஸ்பீக்கரில் அந்த இசை வெடிக்கிறது. ஊரெல்லாம் ஓடிய ஒரு சினிமாப் படத்தில் கதாநாயகன் அரிவாளோடு வரும்போது ஒலிக்கும் அதே இசை. போன வருஷம் ஜெயசுதாவின் கணவனை வெட்டிக் கொன்றவர்கள், ரத்தம் காயாத அரிவாளை இந்த இசையோடுதான் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார்கள். பியூலாவின் கண்ணில் அந்த ஸ்டேட்டஸ் படாமல் இன்றுவரை காத்துவருகிறாள் ஜெயசுதா. "அந்த மியூசிக் மட்டும் வேணாங்க பாஸ்டர்" என்று காலையிலேயே கேட்டுப் பார்த்தாள். "அந்தப் படத்துக்குப் போவாதீங்கன்னு பிரசங்கம் பண்ணவனே நான்தான் சிஸ்டர். சாத்தான்கிட்டேர்ந்து மியூசிக்க மீட்டுட்டோம்னு நெனச்சுக்கங்க" என்று சிரித்தார் அவர். இப்போது ராட்சதன் கோலியாத்தின் காகிதத் தலையை முடியைப் பிடித்துத் தூக்குகிறாள் பியூலா. விசில் பறக்கிறது. "ஒம் பொண்ணு என்னமா வெட்டுறா, கை தட்டேன்டி" என்று பக்கத்திலிருக்கும் எஸ்தர் முழங்கையால் இடிக்கிறாள். ஜெயசுதா இரண்டு காதுகளையும் பொத்திக்கொள்கிறாள். மேடை ஓரத்தில் நிற்கும் போதகர் அதைக் கவனித்துச் சைகை காட்ட, இருவர் ஓடிவந்து ஸ்பீக்கரை மறுபக்கம் திருப்பி வைக்கிறார்கள். கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்கிறது. பியூலா காகிதத் தலையைக் கீழே வைத்துவிட்டு, அம்மாவைப் பார்த்துச் சிரித்தபடி மறுபடியும் வாளை ஓங்குகிறாள்.