பத்தாவது கையெழுத்து

தேர்தலில் தோற்பதற்கு எந்தத் தகுதியும் வேண்டாம் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இது தவறு. வெல்டன்பரி நகரமன்றத் தேர்தலில் தோற்க வேண்டுமானால், அதே வார்டில் வாக்குரிமை உள்ள பத்துப் பேர் வேட்புமனுவில் கையெழுத்திட வேண்டும். ஒன்பதுதான் இருக்கிறதென்றால் தோற்கவும் முடியாது.

இதை டெஸ்மண்ட் பர்கிஸ் அளவுக்கு அறிந்தவர் அந்த ஊரில் இல்லை. ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். நகரமன்றத் தேர்தல்களின் வரலாற்றைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார். 1999 ஏப்ரலில், மனுத்தாக்கலின் கடைசி நாளன்றும் தேர்தல் அலுவலகத்தின் ஜன்னலோர மேஜையில்தான் இருந்தார்.

‘1987. மில்கேட் வார்டு. பெரில் ஸ்டான்யன், போட்டியின்றித் தேர்வு. குடிமக்களின் அலட்சியத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?’ என்று எழுதி, கேள்விக்குறியை அழகாக வளைத்தார்.

பதினொன்றரைக்கு எட்கர் டிட்மார்ஷ் உள்ளே வந்தார். முன்னாள் பஸ் டிரைவர். அதே மில்கேட்டில் பெரிலை எதிர்த்து இரண்டு முறை நின்றவர். இரண்டு முறையும் டெபாசிட் என்ற ஒன்று இல்லாததால் மட்டுமே அதை இழக்காதவர்.

அலுவலர் மொரீன் மனுவின் மேல் விரலை ஓட்டினாள்.

“எட்கர், இந்த ஆறாவது கையெழுத்து செல்லாது. ப்ரூவர் தெரு, பதினாலாம் நம்பர். ரெட்டைப்படை வீடெல்லாம் இந்தத் தடவை பக்கத்து வார்டு.”

“தெருவுக்கு நடுவுலயா கோடு போட்டிருக்காங்க? அந்தம்மா நாப்பது வருஷமா அதே வீட்டுல இருக்காங்க!”

“அவங்க நகரல. வார்டுதான் நகர்ந்திருக்கு.”

“இப்ப என்ன பண்றது?”

“மனுவை நான் இன்னும் வாங்கிக்கல. பன்னிரண்டு அடிக்கிறதுக்குள்ள இன்னொரு ஆளைப் பிடிச்சுட்டு வாங்க. ஒரு நிமிஷம் தாண்டினாலும் என்னால ஒண்ணும் செய்ய முடியாது.”

டெஸ்மண்ட் தலை நிமிராமல் சொன்னார்: “எதுக்கு இந்த ஓட்டம், எட்கர்? 1991ல முப்பத்தெட்டு ஓட்டு. 1995ல முப்பத்தொண்ணு. இதே கணக்குல போனா 2011ல மூணு.”

“அந்த மூணுல ஒண்ணு என்னோடதா இருக்கும், கவலையில்ல. நான் நிக்கலேன்னா இந்தத் தடவை எதிர்த்து நிக்க வேற ஆளில்ல. ஆளில்லேன்னா ஓட்டெடுப்பே கிடையாது. வார்டுல ரெண்டாயிரம் பேரு இருக்கோம். ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்காம முடிச்சுருவாங்க.”

சட்டென்று எட்கருக்கு முகம் மலர்ந்தது.

“அட, நீங்களும் மில்கேட்தானே? ஒரு கையெழுத்துப் போட்டுருங்களேன்!”

டெஸ்மண்ட் கண்ணாடியைக் கழற்றினார். முக்கியமான விஷயங்களுக்கு மட்டுமே கழற்றுவார்.

“வரலாறு எழுதுறவன் வரலாற்றுல தலையிடக் கூடாது.”

“பேனா கையிலயே இருக்கே!”

“அதனாலதான்.”

எட்கர் தாளை மடித்துத் தொப்பிக்குள் வைத்து, தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு மழையில் இறங்கினார்.

“கையெழுத்துப் போட்டா அவருக்கே ஓட்டுப் போடணும்னு சட்டமில்ல,” என்றாள் மொரீன்.

“சட்டம் எனக்குத் தெரியும், மொரீன்.”

பதினொன்று ஐம்பத்தாறுக்கு எட்கர் திரும்பி வந்தார். கோட்டிலிருந்து தரையெல்லாம் தண்ணீர். தாள் மட்டும் நனையவில்லை.

மொரீன் புதிய கையெழுத்தைப் படித்தாள். எட்கரைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

“இவங்க போடலாமா?”

“கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?”

மொரீன் விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். எங்கும் எழுதியிருக்கவில்லை. ‘டொப்’பென்று முத்திரை விழுந்தது.

மதுக்கடையில் எவனோ மாட்டியிருப்பான் என்று டெஸ்மண்ட் முடிவு செய்துகொண்டார்.

மறுநாள் வேட்பாளர் பட்டியலை நகரமன்ற வாசலில் ஒட்டினார்கள். கையெழுத்திட்டவர்களின் பெயர்களும் அதில் உண்டு. டெஸ்மண்ட் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போய்க் கடைசிப் பெயரில் நின்றார்.

பெரில் ஸ்டான்யன்.

“கண்ணாடியைத் துடைச்சுட்டுப் படிச்சாலும் அதேதான் இருக்கும், டெஸ்மண்ட்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். காய்கறிக் கூடையுடன் பெரில் நின்றிருந்தார்.

“உங்களை எதிர்த்து நிக்கிறவருக்கு நீங்களே…”

“1987ல போட்டியில்லாம வந்தேன்ல? கேக்கெல்லாம் வெட்டினோம். அப்புறம் நாலு வருஷம், எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரே கேள்வி: ‘உங்களை யாரு தேர்ந்தெடுத்தா?’ பதில் சொல்லத் தெரியல. இன்னொரு நாலு வருஷம் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கிட்டு இருக்க எனக்குத் தெம்பில்ல.”

“உங்க கட்சியில என்ன சொன்னாங்க?”

“அதையெல்லாம் நடுத்தெருவுல நின்னு சொல்ல முடியாது.” பெரில் கூடையைக் கை மாற்றிக்கொண்டார். “மனுஷன் மழையில நனைஞ்சு என் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாரு. அதுக்கு முன்னாடி நம்ம வார்டுக்காரர் ஒருத்தர்கிட்ட கேட்டாராம், அவருக்கு ஏதோ அவசர வேலையாம். யாருன்னு கேட்டேன். எட்கர் சொல்லல.”

டெஸ்மண்ட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மே ஆறாம் தேதி மில்கேட் வார்டில் வாக்குப்பதிவு அமைதியாக நடந்தது. பெரிலுக்கு அறுநூற்றுப் பதினொன்று. எட்கருக்கு இருபத்தொன்பது.

வாக்களிக்க வருகிறவரின் பெயரைச் சாவடி அலுவலர் பட்டியலில் பென்சிலால் கோடிட்டு வைப்பது வழக்கம். அன்றைய பட்டியலில் டெஸ்மண்ட் பர்கிஸ் என்ற பெயர்மேல் கோடு இல்லை. அவர் வீட்டில் முன்னுரை எழுதிக்கொண்டிருந்தார்.